பகலில் கதவு தட்டும் பெண்

கொரோனாக் காலம் ஓய்ந்து, எங்கள் பக்கத்துப் போர்வெல் ரிக் வண்டிகள் மறுபடி வடக்கே போகத் தொடங்கியிருந்த சமயம். மாசி மாதம். பனமரத்துப்பட்டி ஏரியை ஒட்டி என் அம்மாவுக்கு ஒரு தோட்டத்து வீடு உண்டு. அந்த வீட்டில் ஒரு மதிய வேளையில் நடந்தது இது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். முழுதாகச் சொல்வது இதுதான் முதல் தடவை.

நான் வாழ்க்கைப்பட்டது திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில். கணவருக்குப் போர்வெல் வண்டியில் வேலை. வண்டி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருவார். எங்களுக்கு இரண்டும் பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போய், நான் தேறி எழுந்து நடமாடவே வெகுநாள் ஆயிற்று. சின்னவள் பால் மறக்கும் முன்பே மறுபடி தள்ளிப்போனது. வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கலைத்தோம். அடுத்த வருடம் மறுபடியும் அதே கதை. வீடு கட்டும் வேலை பாதியில் நின்றிருந்த நேரம் அது. "இப்ப வேண்டாம் புள்ள" என்று அவரே போனில் சொன்னார்.

தடுப்பதற்கு ஏதாவது செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆபரேஷன் பேச்சை எடுத்தால் அத்தையின் முகம் சுருங்கிவிடும். "ஒரு பையன் பொறக்கட்டும் கண்ணு, அப்பறம் பண்ணிக்கலாம்" என்பார். தினம் மாத்திரை சாப்பிட்டால் உடம்பு ஊதிவிடும் என்றார்கள். காப்பர் டி போட்டால் அது உள்ளுக்குள் நகர்ந்து நெஞ்சு வரைக்கும் ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதையெல்லாம் மீறி ஒரு தடவை நான் அவரிடம் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நான் ஊர்லயே இருக்கறதில்ல, உனக்கு எதுக்குப் புள்ள அது?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வியும் இருந்தது. அது புரிந்த பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் வந்து தங்கிப்போகும் கொஞ்ச நாளுக்கு என்ன வழி என்று எங்கள் இருவரில் யாருமே யோசிக்கவில்லை.

பொங்கலுக்கு வந்துவிட்டு அவர் வண்டி ஏறிய பிறகு, மூன்றாவது முறையாக எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்த முறை அத்தைக்குத் தெரிந்தால், பையனாக இருந்தாலும் இருக்கும், வைத்துக்கொள் என்பார். என் உடம்பு இன்னொன்றைத் தாங்காது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவும் மனம் வரவில்லை. முந்தைய முறை போனபோது, அங்கே இருந்த ஒரு நர்ஸ் அம்மா, புருஷன் கையெழுத்து எங்கே என்று கேட்டதோடு விடாமல், திரும்பத் திரும்ப இதற்கே வந்து நிற்கிறாயே வெட்கமாக இல்லையா என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார். அதனால் பக்கத்து ஊர் மருந்துக் கடையில் கலைக்கிற மாத்திரை வாங்கினேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை மாதம் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் நல்லது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் வைத்துச் சாப்பிட முடியாது. அத்தை ஒரு நிமிடம் விடாமல் வீட்டிலேயே இருப்பார். அம்மாவின் தோட்டத்து வீடு ஞாபகம் வந்தது. அப்பா இறந்த பிறகு அம்மா என் அண்ணனோடு ஓசூருக்குப் போய்விட்டார். வீடு பூட்டியே கிடந்தது. வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கிவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று அத்தையிடம் சொல்லி, குழந்தைகளை விட்டுவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறினேன்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றிலும் அரளித் தோட்டங்கள். விடியும் முன்பே மொட்டுப் பறித்துச் சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு எல்லோரும் வீடு திரும்பிவிடுவார்கள். அதன் பிறகு மதியம் முழுக்க ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது. தோட்டங்களுக்கு அப்பால் ஏரி. பெயருக்குத்தான் ஏரி. அந்த வருடம் அதில் தண்ணீரே இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அதற்குள்ளிருந்து மயில் அகவினால் யாரோ எங்கேயோ கூப்பிடுவது போல இருக்கும். நான் பிறந்து வளர்ந்த இடம்தான். ஆனாலும் அன்று பூட்டைத் திறந்து உள்ளே போனபோது, நான் வருவேன் என்று தெரிந்தே அந்த வீடு இத்தனை நாள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது போலத் தோன்றியது.

இன்னொன்றும் இருந்தது. அம்மா ஊரைவிட்டுப் போன பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருமுறை போனில் பேசும்போது சொன்னார். ஆடு மேய்க்கிற ஒரு வயதான பெண் எங்கிருந்தோ வந்து ஏரிக்கரையில் தங்கியிருக்கிறாளாம். உச்சி வெயிலில், உள்பக்கம் தாழ் போட்ட வீடு எது என்று பார்த்து, கதவைத் தட்டுவாளாம். யாரும் பதில் கொடுப்பதில்லையாம். "கொரல் குடுத்தா அந்த ஊட்டுல ஒரு உசுரு போயிருமாம் கண்ணு. மேக்கால ஊட்டுல அப்படித்தான் நடந்துச்சுன்னு சொல்லிக்கிறாங்க. நாங்க சத்தம் காட்டாம படுத்துக்குவோம்" என்றார் அக்கா. நான் அப்போது சிரித்தேன்.

அத்தையிடம் சொன்னது பொய்யாகக் கூடாது என்று முதலில் ஒரு அறையைக் கூட்டினேன். பிறகு கதவைத் தாழ் போட்டுவிட்டு மாத்திரையைச் சாப்பிட்டேன். நடு அறையில் பாயை விரித்து உட்கார்ந்தேன். போன முறையும் மாத்திரைதான் கொடுத்தார்கள். வலி வரும், ரத்தம் போகும், பிறகு நிற்கும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வலி வந்தது. ஆனால் போன முறை போல இல்லை. இடுப்பை யாரோ இரண்டு கையாலும் பிடித்துப் பிழிவது போல இருந்தது. ரத்தம் போகத் தொடங்கியது. நிற்கவே இல்லை. கொண்டு வந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது. அம்மாவின் பழைய சேலை ஒன்றை எடுத்தேன், அதுவும் நனைந்தது. எழுந்து நிற்கப் பார்த்தபோது சுவர் என்னை விட்டு விலகிப் போனது. சரிந்து உட்கார்ந்துவிட்டேன். போன் கைப்பையில்தான் இருந்தது. யாரைக் கூப்பிடுவது? யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே இவ்வளவு தூரம் வந்தேன். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கைவிரல்கள் சில்லென்று ஆகிவிட்டன. வெளியே வெயில் தீயாய்க் காய்கிறது, எனக்குக் குளிர்கிறது.

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

அவசரமில்லாத தட்டல். தட்டிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தும். மறுபடி தட்டும்.

"ஏங்கண்ணு, உள்ள இருக்கறயா?"

வறண்ட பெண் குரல். எனக்கு வயிற்றுவலி கூட ஒரு கணம் நின்றுவிட்டது. முன்பு சிரித்தேன் என்றேனே, அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று இருந்தேன். பேசினால் இந்த வீட்டில் ஒரு உயிர் போகும். வீட்டில் இருந்த ஒரே உயிர் நான்தான்.

தட்டல் நின்றது. போய்விட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பின்கதவில் கேட்டது. பிறகு சமையலறைச் சன்னலில். கையால் தட்டியபடியே அவள் வீட்டைச் சுற்றி வருகிறாள் என்று புரிந்தது. நான் இருந்த அறையின் சன்னல் கதவு சாத்தியிருந்தது. அதன் இடுக்கு வழியாக விழுந்திருந்த வெயில் கோடு திடீரென்று அணைந்தது. அங்கே வந்து நிற்கிறாள்.

"பூட்டக் காணோம். உள்ள ஆளு இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்து, இடுக்கில் வாயை வைத்துப் பேசுவது போலச் சொன்னாள்: "இந்தத் தடவ நான் போவ மாட்டேன் கண்ணு. நீ தெறக்கற வரைக்கும் இங்கயேதான் இருப்பேன்."

என் உடம்பு முழுக்க மயிர்க் கூச்செறிந்தது. 'இந்தத் தடவை' என்றால்? இதற்கு முன் எப்போது வந்தாள்? நான் இங்கே வந்ததே இன்றுதானே. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். காதுக்குள் வண்டு பறப்பது போல ரீங்காரம். தூக்கம் வருவது போலச் சுகமாக இருந்தது. அப்படியே படுத்துவிடலாம் என்று தோன்றியது. அந்தச் சுகத்துக்கு நடுவில் அவள் குரல் மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

"பயந்துக்காத. ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன். அம்மா உன்னத் திட்ட மாட்டேன் கண்ணு. கதவத் தெற."

திட்ட மாட்டேன் என்று அவள் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் குரல் பேயினுடையதா, என் அம்மாவினுடையதா என்றெல்லாம் பிரித்துப் பார்க்கும் தெளிவு அப்போது என்னிடம் இல்லை. எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. பாயிலிருந்து உருண்டு, முழங்கையை ஊன்றி ஊன்றிக் கதவு வரை போனேன். என் சத்தம் கேட்டுத்தானோ என்னவோ, அவளும் முன்வாசலுக்கு வந்துவிட்டாள். நல்லவேளையாக அந்தக் கதவுக்குக் கீழேயும் ஒரு தாழ் உண்டு. காலையில் நான் போட்டது அதைத்தான். அதை இழுத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கதவு திறந்ததும் முகத்தில் வெயில் அறைந்தது. ஒல்லியான ஒரு உருவம். வாரப்படாத நரைமுடி, கையில் ஆடு ஓட்டும் குச்சி. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தரையில் நீண்டு கிடந்த ரத்தத்தடத்தைப் பார்த்தாள். கத்தவில்லை, பதறவில்லை.

"தெறந்துட்ட" என்றாள். அவ்வளவு நிம்மதியான குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். என்னை முதுகில் சாய்த்து இழுத்துக்கொண்டு அரளிச் செடிகளுக்கு நடுவே போனாள். அவ்வளவு ஒல்லியான உடம்பில் அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. ரோட்டின் நடுவில் போய்க் குச்சியைக் குறுக்கே நீட்டி நின்றாள். மார்க்கெட்டுக்குப் பூக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பிய குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்று கிரீச்சிட்டு நின்றது. ஓட்டி வந்தவர் முதலில் அவளைப் பார்த்துத்தான் பயந்தாராம். பின்னால் காலிச் சாக்குகள் மேல் என்னைக் கிடத்தினார்கள். சாக்கில் ஒட்டியிருந்த அரளி மொட்டுகள் என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன. என் தலை அவள் மடியில் இருந்தது. வழி முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். என்னிடம்தான் பேசினாள், ஆனால் நான் வேறு யாரோ.

"அன்னிக்கும் நீ தெறந்திருந்தீன்னா வெரசாக் கொண்டு போயிருப்பேன்ல. ஏங்கண்ணு தெறக்கல?"

மன்னித்துவிடு அம்மா என்று மனசுக்குள் சொன்னேன். எதற்கு, யாருக்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்து அக்கா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். வண்டிக்காரர் திரும்பிப் போய் அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். என்னைக் கொண்டு வந்தவள் எங்கே என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் வெகுநேரம் நின்றாளாம், உயிருக்கு ஆபத்தில்லை என்று யாரோ சொன்னதும் ஆடுகள் தனியாக நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம்.

அவள் கதையை அக்காவே அன்றுதான் வண்டிக்காரர் மூலமாகத் தெரிந்துகொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் அவள் மகளைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டு, அவள் ஊர்ப்பக்கம் தெரிந்தவர்களிடம் அவர் போனில் விசாரித்தாராம். அவளுக்கு ஒரே மகள். ஆத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கும் என்னைப் போலவேதான். வருடா வருடம் நிற்பதும், கலைப்பதும். ஒருநாள் மதியம் இவள் மகளைப் பார்க்கப் போயிருக்கிறாள். கதவு சாத்தியிருந்தது. தட்டிப் பார்த்தாள். பதில் இல்லை. வேலைக்குப் போயிருப்பாள் போலிருக்கிறது என்று கொண்டுபோன பலகாரத்தை வாசலில் வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள். மகள் உள்ளேதான் இருந்திருக்கிறாள். அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டே, திட்டுவாளே என்று பயந்து, சத்தம் காட்டாமல் இருந்தாளோ, அல்லது சத்தம் காட்டும் நிலையிலேயே இல்லையோ. சாயங்காலம் கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அக்கா சொல்லி முடித்துவிட்டு, நழுவியிருந்த என் போர்வையை இழுத்துவிட்டார். "நாங்க எல்லாரும் பேயின்னு பயந்து படுத்துக் கெடந்தமே கண்ணு" என்றார்.

என்னைப் பார்த்த டாக்டர் ஒரு பெண். பொங்கலுக்கு வந்த கர்ப்பம் என்று நான் போட்ட கணக்கு தப்பு என்றார். தீபாவளிக்கு வந்தது அது. நடுவில் லேசாக ரத்தம் பட்டதை நான் மாதவிலக்கு என்று நினைத்திருக்கிறேன். அவ்வளவு வளர்ந்த பிறகு, யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் அந்த மாத்திரையைச் சாப்பிடவே கூடாதாம். "இங்க வந்திருந்தா நாங்களே பாத்திருப்போமேம்மா. இதுக்கும் சரி, காப்பர் டி போடறதுக்கும் சரி, உன் கையெழுத்து ஒண்ணு போதும். வேற யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்றார். எனக்கு அது அதுவரை தெரியாது. நான் படித்தவள்தான். ஆனால் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. காப்பர் டி நெஞ்சுக்கு ஏறுமா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல், ஒரு தாளில் படம் போட்டு, அதற்கு வழியே இல்லை என்று காட்டினார்.

தகவல் போனதும் கணவர் ரயில் பிடித்து வந்து சேர்ந்தார். கட்டிலருகே நின்றவர் தாடியும் அழுக்குச் சட்டையுமாக அடையாளமே தெரியவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல புள்ள?"

"சொன்னனுங்களே. நீங்க சிரிச்சீங்க."

எதைச் சொல்கிறேன் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ரிக்கில் கூட வேலை செய்கிறவர்கள் பேசுகிற பேச்சைக் கேட்டு அப்படிச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். உடம்பு தேறியதும் நான் காப்பர் டி போட்டுக்கொள்ளப் போனபோது, கேட்காமலே கூட வந்தார். அத்தை சில நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் ஈரலை வறுத்துத் தட்டில் வைத்து, "தின்னு, ஒடம்புல ரத்தமே இல்ல" என்று என் முன்னால் நகர்த்தினார். பையன் வேண்டும் என்ற பேச்சை அவர் இன்னும் விடவில்லை. ஆனால் என்னிடம் கேட்பதில்லை, கோயிலில் கேட்டுக்கொள்கிறார்.

நன்றாக நடமாடத் தொடங்கியதும் நானும் கணவரும் அவளைத் தேடிப் போனோம். ஏரிக்கரையில் கருவேல நிழலில் உட்கார்ந்திருந்தாள். ஆடுகள் அங்கங்கே மேய்ந்துகொண்டிருந்தன. அன்று தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தாள்.

"என்னத் தெரியுதுங்களா?" என்றேன்.

"தெரியலையே சாமி."

"அந்தத் தோட்டத்து ஊட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனீங்களே. அது நான்தானுங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, சின்னக் குழந்தை தப்பாக எதையோ சொன்னால் சிரிப்போமே, அப்படிச் சிரித்தாள்.

"அது என்ற புள்ள சாமி. நீ வேற ஆரோ. அவ பொழச்சுக்கிட்டா. கோவத்துல எங்கியோ இருக்கறா. வருவா."

கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவளைத் திருத்தவில்லை. "ஆமாங்க, நல்லா இருக்கறா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ஆடுகளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் பக்கத்துத் தோட்டத்து அக்காவைப் பார்த்தோம். அந்த நாளுக்குப் பிறகு அவள் ஒரு வீட்டுக் கதவையும் தட்டவில்லை என்றார். ஊரில் எல்லோருக்கும் நிம்மதியாம். எனக்கு மட்டும் அதைக் கேட்டு நிம்மதி வரவில்லை. எங்கள் தெருவிலேயே ரிக் வண்டிக்குப் போனவர்களின் மனைவிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது கொஞ்ச நாளாக முகம் வெளுத்துத் தெரிந்தால், நான் வெட்கம் பார்க்காமல் போய்ப் பேச்சுக் கொடுக்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். ஒருத்தி மட்டும் அழுதாள், அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

அன்று அந்த வீட்டில் எனக்கு இருந்த பயமெல்லாம் வெளியே நின்ற அந்தப் பெண்ணிடம்தான். உள்ளே தன்னந்தனியாக நான் செத்துக்கொண்டிருந்ததைப் பற்றி எனக்குக் கொஞ்சம்கூடப் பயம் வரவில்லை என்பதை நினைக்கும்போது, இப்போதும் என் கைவிரல்கள் சில்லிட்டுப் போகின்றன.